நாலு வழிச்சாலையில் பையப் போனால் என்ன? குமரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். வடசேரி நெரிசலிலும் வெட்டூர்ணிமடம் சிக்னலிலும் ஓட்டிப் பழகியவர்கள், லைசென்ஸ் கையில் கிடைத்த மறுவாரமே காவல்கிணறு தாண்டி நாலு வழிச்சாலையில் ஏறிவிடுகிறார்கள். ஏறிய பிறகு போனில் கேள்வி வரும். ஐந்தாறு வருடமாக ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன்.

நாலு வழிச்சாலையில் காருக்கு எவ்வளவு வேகம் வரை அனுமதி?

2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்புப்படி, நடுவில் தடுப்பு உள்ள நான்கு வழிச்சாலையில் காருக்கு 100 கிலோமீட்டர். பஸ்ஸுக்கு 90, லாரிக்கும் பைக்குக்கும் 80, ஆட்டோவுக்கு 50. விரைவுச்சாலை என்றால் கார் 120 வரை போகலாம். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள்ளும் மற்ற சாதாரண ரோடுகளிலும் காருக்கு 70.

இதெல்லாம் மேல்வரம்பு. மாநில அரசோ உள்ளூர் நிர்வாகமோ இதைவிடக் குறைத்து போர்டு வைத்தால், அங்கே அந்த போர்டுதான் சட்டம். ஊர் வரும் இடத்தில் 50, 40 என்று சிவப்பு வட்டத்துக்குள் எழுதியிருந்தால், "நாலு வழிச்சாலைதானே சார், 100 போகலாம்ல" என்று போலீஸ்காரரிடம் வாதாட முடியாது.

நம்ம மாவட்டத்தில் விரைவுச்சாலை உண்டா?

கிடையாது. இங்கே முதலில் தெளிய வேண்டியதே இதுதான். விரைவுச்சாலை என்றால் இருபுறமும் வேலி இருக்கும், ஏற ஒரு இடம், இறங்க ஒரு இடம் என்று இருக்கும், நடுவே ஆளோ ஆடோ வராது. நம்மிடம் இருப்பது நாலு வழி அகலமுள்ள தேசிய நெடுஞ்சாலை. ஸ்ரீநகரில் தொடங்கும் 44-ஆம் எண் சாலை காவல்கிணறு வழியாக வந்து கன்னியாகுமரியில் முடிகிறது. காவல்கிணற்றில் பிரிந்து முப்பந்தல், ஆரல்வாய்மொழி, தோவாளை வழியாக நாகர்கோவில் பக்கம் வருவது இன்னொன்று. திருப்பதிசாரத்தில் டோல்கேட் இருப்பது இந்த வழியில்தான்.

மேற்கே களியக்காவிளை வரை போகும் 66-ஆம் எண் சாலைக்கு மாற்றாகக் காரோடு முதல் நாலு வழி போடும் வேலை எத்தனை வருடமாக நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதுவரை தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை எல்லாம் பழைய ரோடுதான். அந்தப் பக்கத்தில் வேகத்தைப் பற்றிக் கேள்வியே வராது, வண்டி நகர்ந்தால் போதும்.

சட்டமே 100 என்கிறது. நீங்கள் மட்டும் ஏன் 80, 85 போகச் சொல்கிறீர்கள்?

ஏனென்றால் 100 என்ற எண் ரோட்டின் அகலத்தைப் பார்த்துப் போட்டது. ரோட்டில் யார் வருவார்கள் என்பதைப் பார்த்துப் போட்டதல்ல.

ஒருமுறை தோவாளை தாண்டி ஒரு மாணவரை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விடிகாலை, இன்னும் சரியாக வெளுக்கவில்லை. முன்னால் சிவப்பாக ஒரு புள்ளி. "சார், அது லாரி, ரொம்பத் தூரத்தில் போகுது" என்றார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அது லாரி இல்லை. பூச்சந்தைக்கு மூட்டை ஏற்றிப்போகும் ஒரு டிவிஎஸ் எக்ஸெல். ஒற்றை விளக்கு, அதையும் மூட்டை பாதி மறைத்திருந்தது. நாங்கள் 90, அவர் அதிகம் போனால் 35. இடையில் உள்ள வித்தியாசம் 55. அதாவது ஒரு நொடிக்கு 15 மீட்டர் வீதம் அவரை நெருங்கிக்கொண்டிருந்தோம். மாணவருக்கு விஷயம் புரிவதற்குள் நான் என் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டேன். பூக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவர் பாட்டுக்குப் போனார்.

எக்ஸெல் அங்கே ஓடுவது குற்றமில்லை. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்கையும் ஆட்டோவையும் தடை செய்துவிட்டார்கள். நம் ரோட்டில் அப்படித் தடை இல்லை. எக்ஸெல், சைக்கிள், வாழைக்குலை ஏற்றிய குட்டியானை, ஆட்டு மந்தை, எல்லாவற்றுக்கும் அதே ரோடுதான். வண்டி 100 போவது ஆபத்து என்பதைவிட, 100 போகிறதும் 35 போகிறதும் ஒரே லேனில் சந்திப்பதுதான் ஆபத்து. வெளிச்சம் நன்றாக இருந்து, ரோடு காலியாக இருந்து, ஊர் எதுவும் இல்லாத பகுதி என்றால் 100 போங்கள், நானும் போவேன். ஆனால் அப்படிப்பட்ட பகுதி நம் மாவட்டத்துக்குள் எத்தனை கிலோமீட்டர் இருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப்பாருங்கள்.

அண்ணே, அபுதாபியில் எட்டு வருஷம் 140-இல் ஓட்டினவன் நான். இங்கே 110 போனால் என்ன?

லீவுக்கு வரும் தம்பிமார் எல்லாரும் கேட்பது. உங்கள் கை சுத்தம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 140 உங்கள் கைக்குக் கொடுத்ததில்லை, அந்த ரோட்டுக்குக் கொடுத்தது. இருபக்கமும் வேலி, இரவெல்லாம் விளக்கு, தலைக்கு மேலே கேமரா, எதிர்த்திசையில் வர ஒருவனுக்கும் துணிச்சல் வராத அபராதம். ஜெர்மனியின் ஆட்டோபானில் பல பகுதிகளில் வரம்பே இல்லை என்பார்கள். அங்கேயும் 130-க்குள் போகச் சொல்லி அரசு பரிந்துரைத்துத்தான் இருக்கிறது. பிரிட்டனின் மோட்டார்வேயில் 1965-இல் சோதனையாகக் கொண்டுவந்த 70 மைல் வரம்பு, நம் கணக்கில் 112 கிலோமீட்டர், இன்றும் அதேதான். அவ்வளவு நல்ல ரோட்டிலேயே 112.

இன்னொன்றும் உண்டு. அங்கே வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். எட்டு வருடம் இடது கையை ஸ்டியரிங் பக்கம் வைத்து ஓட்டியவர்கள் முதல் ஒரு வாரம் ரவுண்டானாவில் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். மகாதானபுரம் ரவுண்டானாவில் ஒருவர் நேரே வலப்பக்கமாகச் சுற்றக் கிளம்பிவிட்டார். வந்து முதல் பத்து நாள் வேகமே வேண்டாம்.

100-க்கும் 120-க்கும் 20 தானே வித்தியாசம்?

ஸ்பீடோமீட்டரில் 20. பிரேக் பிடிக்கும்போது வேறு கணக்கு.

100-இல் போகும் கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஏதோ வருவதைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 42 மீட்டர் போயாயிற்று. பிறகு நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் நிற்க இன்னும் 55 மீட்டர். மொத்தம் 97 மீட்டர்.

இப்போது பக்கத்து லேனில் இன்னொரு கார் 120-இல் வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஒரே மாட்டைப் பார்க்கிறார்கள், ஒரே மாதிரி பிரேக் பிடிக்கிறார்கள். 100-இல் வந்தவர் மாட்டின் மூக்கு அருகே நின்றுவிட்டார். அதே இடத்தை 120-காரர் கடக்கும்போது அவர் வண்டி என்ன வேகத்தில் இருக்கும்? நிறைய பேர் "20" என்பார்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 77 கிலோமீட்டர் வருகிறது. நிற்கவே இல்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வகுப்பில் இதைப் பலகையில் எழுதிக் காட்டினால் நம்பமாட்டார்கள். இரண்டு முறை கழித்துப் பார்க்கச் சொல்வேன். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மோதும் சக்தி கூடும் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தது இதற்குத்தான்.

வேகமாகப் போனால் நேரம் மிச்சம்தானே?

மிச்சம்தான். எவ்வளவு என்று பார்ப்போம். நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 80 கிலோமீட்டர். முழுவதும் 100-இல் போனால் 48 நிமிடம், 120-இல் போனால் 40 நிமிடம். எட்டு நிமிடம் மிச்சம். அதுவும் எங்கேயும் வேகம் குறையாமல் போனால்தான். டோல்கேட்டில் முன்னால் நிற்கும் வண்டியின் ஃபாஸ்டேக்கில் பணம் இல்லை என்றால் அந்த எட்டு நிமிடமும் அங்கேயே போய்விடும். வழியில் ஒரு கட்டன்சாயா குடித்தாலும் போய்விடும்.

ஆரல்வாய்மொழி பக்கம் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதே, அலைன்மென்ட் போய்விட்டதா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் அங்கே ஒரு வாசல் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று முழுவதும் அந்த வாசல் வழியாகத்தான் பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. முப்பந்தலைச் சுற்றி இத்தனை காற்றாலை நட்டிருப்பது சும்மா இல்லை. ஆடிக் காற்றில் அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. வண்டி மேலே சரியாகக் கட்டாத மெத்தை பறந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. காவல்கிணற்றில் இருந்து கன்னியாகுமரி நோக்கித் தெற்கே போகும்போது அது உங்கள் வலப்பக்கத்தில் இடிக்கும். வள்ளியூர் நோக்கி வடக்கே போகும்போது இடப்பக்கத்தில். தொடர்ந்து இடித்தால் கை பழகிவிடும், அதில் சிரமமில்லை. சிக்கல் லாரியை ஓவர்டேக் செய்யும்போது வருகிறது. தெற்கு நோக்கிப் போகிறீர்கள், இடது லேனில் ஒரு டாரஸ், நீங்கள் அதற்கு வலப்பக்கமாக ஏறுகிறீர்கள். காற்று உங்களை லாரிப் பக்கமாகத் தள்ளும், லாரியின் உடம்பு ஒட்டிய காற்றும் சேர்ந்து இழுக்கும். வடக்கு நோக்கிப் போகும்போது இதற்கு நேர் எதிர். லாரி உங்களுக்குக் காற்றை மறைத்துக்கொண்டிருக்கும். நீங்களும் அறியாமல் ஸ்டியரிங்கை நேராக்கியிருப்பீர்கள். லாரியின் முன்பக்கத்தைத் தாண்டிய அந்த நொடியில் காற்று மொத்தமாக வந்து அறையும். கார் அரை லேன் நகர்ந்து நடுத்தடுப்பைப் பார்க்கப் போகும். புதிதாக ஓட்டுபவர்கள் பயந்து ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிப்பார்கள். காற்றைவிட அந்த ஒடிப்புதான் ஆபத்து.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இரண்டு கையும் ஸ்டியரிங்கில், வேகம் 70 பக்கம், லாரிக்கும் உங்களுக்கும் நடுவில் கூடுதல் இடம், தாண்டும்போது "இப்போ வரும்" என்று எதிர்பார்த்து இருப்பது. உயரமான வண்டி, மேலே கேரியர், காலியாகப் போகும் மினி லாரி எல்லாவற்றுக்கும் இன்னும் அதிக கவனம் வேண்டும். பைக்காரர்கள் அந்த மாதங்களில் 60-க்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் பக்கமும் பையப் போங்கள். வண்டிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுப் போகும் இடம். நிறுத்திய வண்டிக்குப் பின்னாலிருந்து யார் இறங்கி வருவார்கள் என்று தெரியாது. நானும் நிறுத்துவேன். ஆனால் ரோட்டை விட்டு முழுவதும் இறக்கித்தான்.

மழையில் எவ்வளவு வேகம்?

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் வருடத்தில் பாதி நாள் கேட்க வேண்டிய கேள்வி. நனைந்த ரோட்டில் பிரேக் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 97 மீட்டர் 150 பக்கம் போகும். தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகமாகப் போனால் டயர் ரோட்டைத் தொடாமல் தண்ணீர் மேலேயே மிதக்கும். அப்போது ஸ்டியரிங் திடீரென்று பஞ்சு மாதிரி ஆகிவிடும். பிரேக்கை அழுத்தாதீர்கள், ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெரிய மழையைவிட முதல் தூறல் மோசம். பல நாள் சேர்ந்த எண்ணெயும் தூசியும் குழைந்து ரோடு வழுக்கும். நம் ஊரில் கூடுதலாக மீன் வண்டித் தண்ணீர் வேறு. சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்து வரும் வண்டிகளில் ஐஸ் உருகி ஒழுகும் தண்ணீர் வளைவில் கோடு போட்டுக்கொண்டே போகும். பைக்காரர்கள் அந்தக் கோட்டைப் பார்த்தால் அதன் மேல் ஏறாதீர்கள்.

மழையில் நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டு ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஹெட்லைட்டை டிம்மில் போட்டாலே பின்விளக்கும் எரியும், அது போதும்.

லாரிகள் ஏன் வலது லேனிலேயே போகின்றன? இடதுபக்கமாக முந்தலாமா?

சட்டப்படி இடதுபக்கம் போக வேண்டும், முந்துவதற்கு மட்டும் வலது லேன். லாரி டிரைவர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இடது லேனில் பைக் குறுக்கே வருகிறது, பஸ் நிற்கிறது, பஞ்சர் ஒட்டும் வண்டி நிற்கிறது, சர்வீஸ் ரோட்டில் இருந்து கார் மூக்கை நீட்டுகிறது. முப்பது டன் ஏற்றியவர் ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டுத் திரும்ப கியர் மாற்றி ஏற முடியுமா? அதனால் வலப்பக்கமே குடியிருந்துவிடுகிறார். தப்புதான், ஆனால் திமிர் இல்லை.

இடதுபக்கம் முந்த நேர்ந்தால், அந்தப் பக்கம் அவருக்குக் கண்ணாடியில் ஒரு பெரிய குருட்டு இடம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். முதலில் ஹாரனும் லைட்டும் கொடுங்கள், ஒரு பத்து நொடி காத்திருங்கள். பாதிப் பேர் விலகுவார்கள். விலகவில்லையென்றால் முன்னால் நன்றாகக் காலியாக இருக்கும்போது மட்டும், தயங்காமல், அவர் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே இருக்காமல் கடந்துவிடுங்கள். இரண்டு லாரிக்கு நடுவில் மட்டும் நுழையாதீர்கள்.

சூரிய உதயம் பார்க்க இரவு கிளம்பி வருபவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்பினால் நல்லது?

முந்தின நாள் மாலையே. கிண்டலுக்குச் சொல்லவில்லை.

மதுரையில் இருந்தும் திருச்சியில் இருந்தும் நள்ளிரவில் கிளம்பி, ஐந்தரைக்குக் கன்னியாகுமரிக் கடற்கரையில் நிற்க வேண்டும் என்று வருவார்கள். சபரிமலை சீசனில் கேட்கவே வேண்டாம், மாலை போட்டவர்கள் வேன் வேனாக வருவார்கள். இவர்கள் பணகுடி, காவல்கிணறு வரும்போது மணி நாலு. உடம்பு தூங்கச் சொல்லிக் கெஞ்சும் நேரம் அதுதான். ரோடும் நேராக, காலியாக இருக்கிறது. வண்டியில் எல்லாரும் தூங்கியிருப்பார்கள், ஓட்டுபவர் மட்டும் விழித்திருப்பார். அல்லது விழித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

100-இல் போகும்போது இரண்டு நொடி கண் மூடினால் 56 மீட்டர். கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவது, பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது, கன்னத்தில் அறைந்துகொள்வது, இதெல்லாம் ஐந்து நிமிடத்துக்குத்தான். கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை என்றாலோ, பெட்ரோல் பங்கில் ஒதுக்கி இருபது நிமிடம் தூங்குங்கள். தூங்கும் முன் ஒரு காபி குடித்துவிட்டால் எழும்போது அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். சூரியன் நாளைக்கும் உதிக்கும் என்று வீட்டுக்காரம்மா சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிப் பதினைந்து கிலோமீட்டரில் இன்னொரு தந்திரமும் நடக்கும். மூன்று மணி நேரம் 100-இல் வந்த கண்ணுக்கு 60 என்பது நிற்கிற மாதிரித் தெரியும். ரவுண்டானா வந்த பிறகும் வேகம் குறைந்துவிட்டதாகவே மனம் நம்பும். அந்த நேரத்தில் மனத்தை நம்பாமல் மீட்டரைப் பாருங்கள்.

நடுத்தடுப்பில் விட்டிருக்கும் கேப்பில் எப்படித் திரும்புவது?

திரும்புபவர் வலது லேனுக்கு முன்கூட்டியே வந்து, இண்டிகேட்டர் போட்டு, கேப்புக்குள் வண்டியின் வால் ரோட்டில் நீட்டாமல் நிற்க வேண்டும். நீளமான வண்டி என்றால் அது முடியாது. அப்போது அடுத்த பெரிய சந்திப்பு வரை போய்த் திரும்புவதுதான் ஒரே வழி. எதிரே வரும் கார் "தூரத்தில்தான் இருக்கு" என்று நினைக்காதீர்கள். 300 மீட்டர் தள்ளித் தெரியும் கார் 100-இல் வந்தால் பதினோரு நொடியில் உங்கள் கதவருகே இருக்கும்.

ராங் சைடில் வருவது பற்றி என்னிடம் கேள்வியே கேட்காதீர்கள். இரண்டு கிலோமீட்டர் சுற்றுவதற்குச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வருபவர்கள் எல்லாரும் நம்ம ஆட்கள்தான், வெளியூர்க்காரன் ஒருவனும் இல்லை. "பக்கத்துலதான் வீடு" என்பார்கள். இரவில் ஹெட்லைட்டைப் பார்த்தால் அது உங்கள் பக்க ரோட்டில் வருகிறதா, தடுப்புக்கு அந்தப் பக்கமா என்று பிரிக்க முடியாது. அதற்காகவே இரவில் இடது லேனில் இருங்கள் என்று சொல்ல நினைப்பேன். ஆனால் ராங் சைடில் வருபவர் வருவதும் அந்த ஓரத்தில்தான். ஆகவே இரவில் வேகத்தைக் குறைப்பது தவிர வேறு வழி தெரியவில்லை.

80-ஐத் தாண்டியதும் கார் "கீ கீ" என்கிறது. வயரைப் பிடுங்கிவிடலாமா?

2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் கட்டாயமாக வந்தது அது. 80-க்கு மேல் விட்டு விட்டு அடிக்கும், 120-ஐத் தாண்டினால் நிறுத்தாமல் அடிக்கும். ஒரு மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருவதாகச் சொன்னாராம் ஒரு மாணவரிடம். வேண்டாம். நான் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஓட்டுகிறேன். சத்தம் வந்தால், "நீ இப்போ உன் அளவைத் தாண்டிட்டே" என்று அர்த்தம்.

ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது போன் மேப் 95 காட்டுகிறதே?

மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்று விதி. அதனால் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே செய்கிறார்கள். போனை நம்பி அந்த ஐந்தையும் ஏற்றிக்கொள்வதில் லாபமில்லை.

டயரில் எதைப் பார்க்க வேண்டும்?

நீண்ட பயணத்துக்கு முன் காற்று. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் வீட்டுப் பக்கத்துப் பங்கிலேயே பாருங்கள். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. "வெயில் காலம், காற்றைக் குறைச்சு வைங்க" என்று சொல்பவர்கள் உண்டு. அது தப்பு. காற்று குறைந்த டயர்தான் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும்.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிடும். ரப்பர் விளையும் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே மாற்ற வேண்டும். மழைக்கு அது கூடப் போதாது. ஸ்டெப்னியையும் வருடத்தில் இரண்டு முறையாவது தொட்டுப்பாருங்கள்.

பின்சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போட வேண்டுமா?

போட வேண்டும், சட்டம் அப்படி. அபராதம் 1,000 ரூபாய். அதை விடுங்கள். பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர் மோதும்போது முன்சீட்டின் முதுகில் வந்து விழுவார். முன்னால் இருப்பது பெரும்பாலும் அவர் மகனோ மருமகளோதான். ஏர்பேக் இருக்கிறதே என்றால், அது பெல்ட் போட்டவருக்காக வடிவமைத்தது. பெல்ட் இல்லாமல் முன்னால் சரிந்து வருபவரின் முகத்தில் அது அடித்தால் அதுவே காயம்.

வண்டி பாதியில் நின்றுவிட்டால்?

முடிந்த அளவு இடது ஓரம் இறக்குங்கள். இப்போதுதான் நான்கு இண்டிகேட்டரையும் போட வேண்டிய நேரம். சிவப்பு முக்கோணத்தை டிக்கியில் இருந்து எடுத்து, பின்னால் நூறு எட்டாவது நடந்து வையுங்கள். வண்டிக்குப் பின்னாலேயே ஒரு கல்லையும் மரக்கொப்பையும் வைப்பது பின்னால் வருபவருக்கு உதவாது. குடும்பத்தை வண்டிக்குள் உட்கார வைக்காதீர்கள். தடுப்புக் கம்பிக்கு அந்தப்பக்கம், ரோட்டை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. ஆள் அடிபட்டிருந்தால் 108.

விபத்தைப் பார்த்தால் நிறுத்தலாமா? போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமே?

நிறுத்துங்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்பவரைப் பாதுகாக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, சாட்சியாக வரச் சொல்லியும் வற்புறுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொல்லி உங்களைப் பிடித்துவைக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு செய்கிறது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. நம் மாவட்டத்துக்குப் பெரிய இடம் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், மூச்சு முட்டினால் தவிர. தண்ணீர் புகட்டாதீர்கள். ஆட்டோவில் மடக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதைவிட 108 வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பது பெரும்பாலும் நல்லது.

வேகத்துக்கு அபராதம் எவ்வளவு?

சட்டத்தில் காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், லாரி பஸ்ஸுக்கு 2,000 முதல் 4,000. மறுபடி மாட்டினால் லைசென்ஸையே பிடித்துவைக்கலாம். குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவையே 10,000, ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000.

பையனுக்குப் பதினேழு வயசு. நல்லா ஓட்டுறான். காவல்கிணறு வரை ஒரு ரவுண்டு கொடுக்கலாமா?

மாட்டினால் உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பதினெட்டு ஆகட்டும், என்னிடம் அனுப்புங்கள். முதல் பத்து நாள் திங்கள்சந்தை ரோட்டில் ஓட்டட்டும். மீன் வாங்க வந்தவர், மினி பஸ், கோழி, எல்லாவற்றையும் சமாளித்துவிட்டால் அப்புறம் நானே காவல்கிணறு கூட்டிப்போகிறேன்.

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு எத்தனை மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும்?

இதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை என்றாலும் அதிகம் கேட்கிறார்கள். ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். விடிகாலை நாலு மணிக்கு என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம். காலை எட்டரைக்குப் பள்ளிக்கூட வண்டிகளோடு கிளம்பினால் மூன்று மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் இருக்கிறதே என்பீர்கள். பாலத்தில் ஏறும்வரைதானே பிரச்சினை.